வெயிலுக்கு விலை இல்லை, வட்டிக்கு உண்டு

ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி வட்டாரம் கரிசல் பூமி. மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும் விளையும். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம் மண்டும். அந்த வறண்ட நிலத்தில் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை அதானி குழுமம் திறந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள், எட்டு மாத வேலை, 4,550 கோடி ரூபாய் முதலீடு என்று நிறுவனம் அறிவித்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அன்றைக்குப் பேசப்பட்டது.

4,550 கோடியை 648-ஆல் வகுத்தால் மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 7 கோடி ரூபாய். அங்கே விளையும் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசு என்ற விலையில் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள தமிழ்நாட்டின் மின் பகிர்மானக் கழகம் ஒப்பந்தம் போட்டிருந்தது. நிலையம் திறந்து ஓராண்டு ஆவதற்குள், 2017-ல், அதே கழகம் 1,500 மெகாவாட்டுக்கு டெண்டர் விட்டது. இந்த முறை விலை 3 ரூபாய் 47 காசுக்கு வந்து நின்றது. வெயில் கூடவில்லை, சிலிக்கானின் இயற்பியலும் மாறவில்லை. விலை மட்டும் பாதியாகிவிட்டது.

இந்தப் பாதி எங்கே போனது என்று தேடினால், ஒரு சூரிய மின்நிலையத்தின் செலவு எதனால் ஆனது என்பது முழுதாகப் புரிந்துவிடும். பேனல் விலை குறைந்தது ஒரு காரணம்தான். மீதிக் காரணங்கள் மண்ணிலும், இரும்பிலும், மின்கம்பியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக வங்கிக் கணக்கிலும் இருக்கின்றன.

எந்த மெகாவாட்?

செலவுக் கணக்கைத் தொடங்கும் முன் அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பேனலின் முதுகில் 550 வாட் என்று அச்சிட்டிருந்தால், அது ஆய்வகத்தில் அளந்த எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வீதம் ஒளி விழ வேண்டும்; பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் வேளை கமுதியில் மிக அரிது. ஒளி அந்த அளவுக்கு விழும் உச்சி வேளையில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடு ஒரு டிகிரி ஏறினால், சாதாரண சிலிக்கான் பேனலின் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இறங்கும். 65 டிகிரியில் நிற்கும் பேனல் அச்சிட்ட திறனில் 12 முதல் 16 சதவீதத்தை இழந்துவிடுகிறது. வெயில் கொளுத்தும் மே மாதத்தைவிட, வானம் தெளிந்து காற்று குளிர்ந்திருக்கும் பிப்ரவரி நாளில் மின்சாரம் நன்றாக வருவதற்குக் காரணம் இதுவே. பேனலுக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்கு எதிரி.

இதனால்தான் இன்வெர்ட்டர் 100 மெகாவாட் என்றால் பேனல்களை 120, 130, சில இடங்களில் 140 மெகாவாட் வரை அடுக்குகிறார்கள். பேனல் தருவது நேர்மின்சாரம்; இன்வெர்ட்டர் அதை மாறுமின்சாரமாக்கி வெளியே அனுப்புகிறது. ஆகவே ஒரே நிலையத்துக்கு இரண்டு மெகாவாட் கணக்கு உண்டு. ஒருவர் "மெகாவாட்டுக்கு 4 கோடி" என்பார், இன்னொருவர் "5 கோடி" என்பார். இருவரும் ஒரே நிலையத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பேனல் பக்கம் நின்று எண்ணுகிறார், மற்றவர் கம்பிப் பக்கம் நின்று எண்ணுகிறார்.

530 லட்சத்தின் கூறுகள்

ஒரு மெகாவாட் கட்ட எவ்வளவு ஆகும் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் ஒரு மதிப்பீடு வெளியிட்டு வந்தது. 2010-11-ல் அந்த மதிப்பீடு 16.9 கோடி ரூபாய். 2012-13-ல் 10 கோடி, 2013-14-ல் 8 கோடி. கமுதி நிலையம் திறக்கப்பட்ட 2016-17-ம் நிதியாண்டில் 5 கோடியே 30 லட்சம். ஆறே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

அந்த 530 லட்சத்தை ஆணையமே பிரித்துக் காட்டியது. பேனல்கள் 328 லட்சம். நிலம் 25 லட்சம். மண்வேலை, சாலை, வேலி போன்ற கட்டுமானம் 35 லட்சம். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் 35 லட்சம். இன்வெர்ட்டர் 30 லட்சம். கேபிள், டிரான்ஸ்பார்மர் முதலாக மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் ஏற்பாடு 44 லட்சம். கட்டும் காலத்து வட்டி, ஆவணச் செலவு, எதிர்பாராத செலவு எல்லாம் சேர்ந்து சுமார் 33 லட்சம்.

பட்டியலைப் பார்த்தால் 62 சதவீதம் பேனலுக்கே போகிறது. அப்படியானால் பேனல் மலிந்தால் எல்லாம் மலியும் என்று தோன்றும். பாதி உண்மை அது.

பேனல் எப்படி மலிந்தது?

1970-களின் பிற்பாதியில் ஒரு வாட் சிலிக்கான் செல்லின் விலை 70 டாலருக்கும் மேல். செயற்கைக்கோள் போன்ற சில தேவைகளுக்குத்தான் அது கட்டுபடியானது. 2024-ல் சீனச் சந்தையில் முழு பேனலே வாட்டுக்கு 10 அமெரிக்க சென்ட் அளவில் விற்றது. உலகில் இதுவரை விற்ற பேனல்களின் மொத்த அளவு இரண்டு மடங்கு ஆகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்து வந்திருப்பதைச் சன்பவர் நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்வான்சன் கவனித்தார். அதை அவர் பெயராலேயே ஸ்வான்சன் விதி என்கிறார்கள்.

விலை இறங்கியது தானாக நடந்ததல்ல. 2008-ல் பாலிசிலிக்கான் தட்டுப்பாட்டால் வெளிச்சந்தையில் கிலோ 400 டாலருக்கு மேல் போனது. லாபம் கண்ட சீன நிறுவனங்கள் வரிசையாக ஆலை கட்டின. பத்தாண்டு கழித்து அது 10 டாலருக்கும் கீழே விழுந்தது. சிலிக்கான் பாளத்தை வைரத்தூள் பூசிய மெல்லிய கம்பியால் அறுக்கும் முறை வந்ததும் வில்லைகள் மெலிந்தன. அறுக்கும்போது தூளாகிப் போகும் சேதாரமும் குறைந்தது. செல்லின் மேல் கோடு இழுக்கும் வெள்ளிப் பசையின் அளவையும் ஆண்டுக்கு ஆண்டு சுருக்கினார்கள்.

பேனலின் விலை குறைந்ததோடு, அதன் திறன் கூடியதும் பல இடங்களில் செலவைக் குறைத்தது. கமுதியின் 648 மெகாவாட்டை 25 லட்சத்தால் வகுத்தால் ஒரு பேனலின் பங்கு ஏறக்குறைய 260 வாட். இன்று சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது 550 வாட். அதே 648 மெகாவாட்டுக்கு இப்போது 12 லட்சம் பேனல் போதும். இன்றைய பேனல் அளவிலும் பெரியது, திறனிலும் கூடியது. எண்ணிக்கை பாதியாகும்போது தூக்கி மாட்டும் கூலி, கிளாம்ப், இணைப்பு எல்லாம் குறைகின்றன. திறன் கூடுவதால் நிலமும் இரும்பும் கேபிளும் சுருங்குகின்றன. பேனலை இலவசமாகக் கொடுத்தாலும் திறன் குறைந்த பேனலை வாங்க யோசிக்கும் காலம் வந்துவிட்டதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் இந்த விலைக்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதம் சுங்க வரி விதித்தார்கள். அரசு அங்கீகரித்த தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள பேனலையே அரசுத் திட்டங்களில் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. உள்நாட்டு ஆலைகள் பெருகின. பேனலுக்கு உலகச் சந்தையைவிடக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியும் வந்தது. ஜிஎஸ்டி 2021-ல் 5 சதவீதத்திலிருந்து 12 ஆகி, 2025 செப்டம்பரில் மீண்டும் 5-க்கு வந்தது. டெண்டரில் ஐந்து பைசாவுக்குப் போட்டி நடக்கும் தொழிலில் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒவ்வொன்றும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை.

மண் சொல்லும் விலை

சூரிய மின்நிலையம் கட்டுவதை அருகே நின்று பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது பேனல் அல்ல. வரிசை வரிசையாக நட்டிருக்கும் இரும்புக் கால்கள். அந்தக் கால்களை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதை முடிவு செய்ய ஒரு சோதனை உண்டு. குழி தோண்டி, கால் நிறுத்தி, கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பிறகு மேலே ஒரு சட்டகம் பொருத்துவார்கள். ஹைட்ராலிக் ஜாக்கை வைத்து அந்தக் காலைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்ப்பார்கள். எடை சிறிது சிறிதாக ஏற, பக்கத்தில் பொருத்திய டயல் கேஜில் முள் நகரும். எத்தனை டன் இழுப்புக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலே வந்தது என்று ஒருவர் நோட்டில் எழுதுவார். பிறகு பக்கவாட்டிலும் தள்ளிப் பார்ப்பார்கள்.

பாரம் தாங்குமா என்று பார்க்காமல் ஏன் பிடுங்கிப் பார்க்க வேண்டும்? பேனலின் எடை பெரிய விஷயமே இல்லை. சாய்ந்த பேனலின் அடியில் காற்று புகுந்தால் அதை மேலே தூக்கும். புயல் காற்றில் அந்தத் தூக்குவிசை பேனல், சட்டம் இரண்டின் எடையையும் மிஞ்சிவிடும். ஆகவே அடித்தளத்தின் முக்கிய வேலை, மேலே இருப்பதைக் கீழே பிடித்து வைப்பது.

கரிசல் மண்ணில் இது இன்னும் சிக்கல். அந்தக் களிமண் மழையில் ஊறினால் உப்பும், கோடையில் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல்மண்ணை நம்பிக் கால் நட்டால் இரண்டு பருவத்தில் வரிசை கோணிக்கொள்ளும். பேனலின் கண்ணாடியில் அழுத்தம் ஏறும். எனவே உப்பிச் சுருங்கும் அடுக்கைத் தாண்டி இறங்க வேண்டும். செம்மண்ணில் இயந்திரத்தால் அடித்தே இறக்கிவிடலாம். பாறை தட்டினால் துளை போட வேண்டும். காலுக்கு இருநூறு ரூபாய் கூடினாலும், லட்சக்கணக்கான கால்கள் உள்ள இடத்தில் அது கோடிகளில் போய் நிற்கும். மண் பரிசோதனைக்கு ஆகும் சில லட்சத்தை மிச்சம் பிடித்தவர்கள் பின்னால் கோடிகளில் கட்டியிருக்கிறார்கள்.

நிலத்துக்கும் இரண்டு விலை உண்டு. பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று. மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். நூறு மெகாவாட்டுக்கு நானூறு, ஐந்நூறு ஏக்கர் ஒரே பரப்பாக வேண்டும். நம்முடைய கிராமங்களில் அந்தப் பரப்பு நூற்றுக்கணக்கான சர்வே எண்களாக, கூட்டுப் பட்டாவாக, வெளியூர் போய்விட்ட வாரிசுகளின் பெயரில் கிடக்கும். இடையே பாதைப் புறம்போக்கு, கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால், மேய்ச்சல் நிலம். வில்லங்கச் சான்று எடுத்து ஒவ்வொன்றையும் நேர்செய்ய ஆகும் மாதங்கள் இரண்டாவது விலை. வரத்துக்காலை மண் போட்டு மூடினால் கண்மாய்க்குத் தண்ணீர் போகாது, மழைக்காலத்தில் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் நிற்கும். ஊரோடு பகை, வேலையும் நிற்கும்.

தெற்கே இருப்பதில் ஒரு லாபம் உண்டு. கமுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரை டிகிரிக்குள் இருக்கிறது. சூரியன் ஆண்டின் பெரும்பகுதி தலைக்கு மேலேயே செல்வதால் பேனலைப் பத்து டிகிரி சாய்த்தாலே போதும். நிழல் குறைவு, வரிசைகளை நெருக்கி வைக்கலாம். ராஜஸ்தானின் பாட்லா சூரிய மின்பூங்காவில் சாய்வு கூடும், இடைவெளியும் கூடும். அங்கே பாலைவன நிலம் மலிவு என்பதால் சமாளிக்கிறார்கள்.

கம்பியிலும் பணம்

பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்து மின்னழுத்தத்தை ஏற்றுகிறார்கள். பத்தாண்டுக்கு முன் உச்சவரம்பு 1,000 வோல்ட், இப்போது 1,500. கேட்க சாதாரண மாற்றம். அதே மின்திறனுக்கு மின்னழுத்தம் ஒன்றரை மடங்கானால் மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகும். கேபிளில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அதே கேபிளில் இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். இல்லாவிட்டால் மெல்லிய கேபிளைப் போட்டு இழப்பைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் மிச்சம்.

இன்வெர்ட்டருக்கு ஆயுள் பேனலின் பாதிகூட இருக்காது. 25 ஆண்டு ஓடும் நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் பெரிய பாகங்களை மாற்ற வேண்டி வரும். அந்தத் தொகையை முதல் நாளே கணக்கில் எழுதி வைக்காத நிலையங்கள் நடுவயதில் தடுமாறும்.

நிலையத்தின் வேலி வரைக்கும் உள்ளதை முதலாளி கட்டிவிடலாம். அதன் பிறகு மின்சாரம் போக லைன் வேண்டும். கமுதிக்காகத் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தையே கட்டியது. சூரிய மின்நிலையத்தை ஓராண்டுக்குள் எழுப்பிவிடலாம்; உயரழுத்த லைன் போட மூன்று நான்கு ஆண்டு ஆகும். நிலையம் தயார், லைன் தயாரில்லை என்ற நிலை வந்தால் உச்சி வெயிலில் பேனல்கள் சும்மா நிற்கும். லைன் இருந்தும் வாங்க ஆளில்லாத நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் முழுமூச்சில் சுற்றும்போது, பகலில் சூரிய மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். அப்படி வீணாகும் யூனிட்டும் செலவுதான். எந்தப் பட்டியலிலும் அது முதலில் தென்படாது.

பட்டியலில் அடங்காத பெரிய செலவு

அனல் மின்நிலையம் கட்ட ஒரு தொகை ஆகும். ஆனால் அதன் மின்சார விலையின் பெரும்பகுதி பின்னால், ஆண்டுக்கு ஆண்டு நிலக்கரியாகச் செலவாகிறது. சூரிய மின்நிலையத்தில் பின்னால் எரிபொருள் கிடையாது. அதைக் கட்டுவது, ஒரு குடும்பம் 25 ஆண்டுக்கான அரிசியை முதல் நாளே கடன் வாங்கி மொத்தமாக வாங்கிப் போடுவதற்குச் சமம். அரிசி விலை ஏறினாலும் கவலையில்லை. கடனுக்கு என்ன வட்டி என்பதுதான் அந்த வீட்டுச் சாப்பாட்டின் விலையைத் தீர்மானிக்கும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு மெகாவாட்டுக்கு முதலீடு 530 லட்சம் ரூபாய். ஆணையம் அப்போது எடுத்த 19 சதவீதப் பயன்பாட்டு விகிதத்தை, அதாவது ஆண்டு முழுதும் முழுத்திறனில் ஓடினால் வரும் மின்சாரத்தில் 19 சதவீதத்தை, வைத்தால் ஆண்டுக்கு 16.6 லட்சம் யூனிட் கிடைக்கும். முதலீட்டை 25 ஆண்டுகளில் சம தவணைகளாகத் திருப்புவதாகக் கொள்வோம். பராமரிப்பு, வரி, தேய்மானம் எதையும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

வட்டியே இல்லையென்றால் யூனிட்டுக்கு 1 ரூபாய் 27 காசு. 8 சதவீத வட்டியென்றால் 2 ரூபாய் 98 காசு. 10 சதவீதமென்றால் 3 ரூபாய் 51 காசு. 12 சதவீதமென்றால் 4 ரூபாய் 6 காசு.

பத்து சதவீத வட்டியில் அந்த மூன்றரை ரூபாயில் இரண்டேகால் ரூபாய் பணத்துக்குக் கொடுக்கும் விலை. பேனல், இரும்பு, நிலம், கேபிள், கூலி எல்லாம் சேர்ந்து மீதி ஒன்றேகால் ரூபாய். இன்னொன்றும் பார்க்கலாம். வட்டி 10-லேயே நிற்க, பேனல் விலை மட்டும் 20 சதவீதம் இறங்கினால் யூனிட் 3 ரூபாய் 7 காசுக்கு வரும். பேனல் விலை அப்படியே நிற்க, வட்டி 10-லிருந்து 8 ஆனால் 2 ரூபாய் 98 காசு. உலகமே ஆராய்ச்சி செய்து பேனல் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பதைவிட, வட்டியில் இரண்டு புள்ளி குறைவது பெரிய வேலையைச் செய்துவிடுகிறது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு மெகாவாட் பேனல் ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் தந்தாலே நல்ல விளைச்சல். நம் வெயிலில் வருவதில் அறுபது சதவீதம். ஆனால் 2010-களின் பிற்பாதியில் அங்கே இந்தத் தொழிலுக்கு 2 சதவீத அளவிலேயே நீண்ட காலக் கடன் கிடைத்தது. அதே 530 லட்சத்தை 2 சதவீத வட்டியில் போட்டால் யூனிட் 2 ரூபாய் 71 காசு. மேகம் மூடிய நாட்டின் மின்சாரம், சுட்டெரிக்கும் கமுதியின் மின்சாரத்தைவிட மலிவாக வந்துவிடுகிறது.

கமுதியை எட்டு மாதத்தில் ஓட்டமாக ஓடிக் கட்டியதன் காரணமும் இதில் இருக்கிறது. 4,550 கோடியில் வழக்கம்போல் 70 சதவீதம் கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், கடன் முழுவதும் கைக்கு வந்த நிலையில் ஒரு நாள் வட்டி 87 லட்சம் ரூபாய். மின்சாரம் விற்காத ஒவ்வொரு நாளும் அந்தத் தொகை சேரும்.

வட்டியை எது தீர்மானிக்கிறது?

கடன் கொடுப்பவர் வெயிலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எவ்வளவு வெயில் அடிக்கும் என்பது பல ஆண்டுத் தரவுகளால் தெரிந்த விஷயம். அவர் கேட்பது: இந்த மின்சாரத்தை வாங்குகிறவர் 25 ஆண்டும் ஒழுங்காகப் பணம் கொடுப்பாரா? மாநில மின் வாரியங்கள் உற்பத்தியாளர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி வைத்த வரலாறு நாடறிந்தது. அந்தச் சந்தேகத்துக்கு வங்கி ஒரு விலை போடும். முதல் போடுகிறவரும் கூடுதல் லாபம் கேட்பார். இரண்டும் யூனிட் விலையில் ஏறும்.

மத்தியப் பிரதேசத்தின் ரேவா இதற்கு நல்ல சான்று. 2017 பிப்ரவரியில் அங்கே 750 மெகாவாட்டுக்கு ஏலம் நடந்தது. அதுவரை நாட்டில் யூனிட் 4 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த விலை, முதலாண்டுக்கு 2 ரூபாய் 97 காசு என்று இறங்கியது. ரேவாவுக்கு என்று தனிச் சூரியன் கிடையாது. தனிப் பேனலும் இல்லை. நிலத்தை அரசே திரட்டிக் கொடுத்தது. லைன், துணைமின் நிலையம் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடானது. வாங்குகிறவர் பணம் தராவிட்டால் ஈடுகட்ட மாநில அரசின் உத்தரவாதம் உட்பட அடுக்கடுக்கான பாதுகாப்பு வைத்தார்கள். மின்சாரத்தில் ஒரு பகுதியை டெல்லி மெட்ரோ வாங்க முன்வந்தது. சந்தேகம் குறைந்ததும் விலை இறங்கியது. அதே ஆண்டு மே மாதம் பாட்லாவில் 2 ரூபாய் 44 காசு; 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. அதன் பிறகு பேனல் வரியும் வட்டியும் ஏறியபோது விலை மறுபடி இரண்டரை ரூபாய்ப் பக்கம் போனது.

கட்டிய பிறகு

ஓட்டும் செலவு முதலீட்டோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனாலும் தூசியைச் சொல்லாமல் விட முடியாது. பத்து டிகிரி மட்டுமே சாய்ந்த பேனலில் தூசி தானாக வழுக்கி விழாது. பறவை எச்சம் ஒரு செல்லை மறைத்தால் அந்தத் தொடரில் உள்ள மற்றவற்றின் மின்னோட்டத்தையும் அது பாதிக்கும். தண்ணீரால் கழுவலாம் என்றால், குடிநீருக்கே குடம் வைத்துக் காத்திருக்கும் ஊர்களில் அதற்கு எங்கே போவது? உப்புத் தண்ணீரால் கழுவினால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். கமுதியில் துடைப்பதற்கு ரோபோக்களை அமர்த்தினார்கள். தண்ணீரில்லாமல் துடைக்கும் ரோபோ என்றால் முதலில் கூடுதல் செலவு, பின்னால் தண்ணீர்ச் செலவும் ஊர்ச் சண்டையும் மிச்சம்.

அடுத்து வருவது இரவு. சூரியன் மறையும் ஆறு, ஆறரை மணிக்குத்தான் வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஓடத் தொடங்குகின்றன. பகலில் மலிவாகத் தரும் யூனிட்டை மாலைக்குத் தள்ள பேட்டரி வேண்டும். 2022-ல் மத்திய அரசின் சூரிய மின்சக்திக் கழகம் நடத்திய பேட்டரி டெண்டரில் மெகாவாட்டுக்கு மாத வாடகை சுமார் 10.8 லட்சம் ரூபாய். 2024-ல் குஜராத் டெண்டரில் அது சுமார் 4.5 லட்சம். பேனல் நடந்த வழியிலேயே பேட்டரியும் நடக்கிறது. இனி "மெகாவாட்டுக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் போதாது. "மாலை ஏழு மணி யூனிட் எவ்வளவு" என்றும் கேட்க வேண்டும்.

முதல் போடப் போகிறவருக்கு

கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கம் ஒரு மெகாவாட், இரண்டு மெகாவாட் என்று சொந்தப் பயன்பாட்டுக்காகச் சூரிய மின்நிலையம் கட்ட யோசிக்கும் ஆலைக்காரர்கள் இன்று நிறைய. அவர்கள் மேசைக்கு வரும் கொட்டேஷனில் பேனலின் பிராண்டும் வாட்டுக்கு எவ்வளவு என்ற எண்ணும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில், சொல்லும் மெகாவாட் பேனல் கணக்கா, இன்வெர்ட்டர் கணக்கா என்று கேளுங்கள். மண் பரிசோதனை அறிக்கையும் கால்களின் இழுவைச் சோதனை முடிவும் கேளுங்கள். துணைமின் நிலையம் வரைக்கும் லைன் யார் செலவு, எப்போது முடியும், அந்தத் துணைமின் நிலையத்தில் உங்கள் மின்சாரத்துக்கு இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். பன்னிரண்டாவது ஆண்டு இன்வெர்ட்டருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு வங்கிகளில் வட்டி விசாரியுங்கள். அரை சதவீத வித்தியாசம், பேனல் கடைக்காரரிடம் மணிக்கணக்கில் பேரம் பேசிக் கிடைப்பதைவிடப் பெரிய தொகை.

அரசுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சூரிய மின்சாரத்தை மலிவாக்க மானியமும் வரிச்சலுகையும் தரலாம். அவற்றுக்குக் கஜானாவிலிருந்து பணம் வேண்டும். வாங்கிய மின்சாரத்துக்கு மாதந்தோறும் நாள் தவறாமல் பணம் கட்டினால், கஜானாவிலிருந்து கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் போகாது. அடுத்த டெண்டரில் யூனிட் விலை தானாக இறங்கும். பாக்கியை ஒழுங்குபடுத்த 2022-ல் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்ததன் பொருளும் அதுதான். வெயில் நிறைந்த மாநிலம் என்ற பெயர் நமக்கு ஏற்கெனவே உண்டு. சொன்ன தேதியில் பணம் தரும் மாநிலம் என்ற பெயரையும் சம்பாதித்துக்கொண்டால், தமிழ்நாட்டின் சூரிய மின்சாரம் நாட்டிலேயே மலிவான மின்சாரங்களில் ஒன்றாக இருக்க வேறு தடையில்லை.